கணபதிக்குக் கணபதி

சட்டத்தில் ‘ஓராண்டு’ என்று இருந்ததை ‘ஒரு கணபதி’ என்று மாற்றியவள் நான். யாரும் என்னை அப்படிச் சொல்லச் சொல்லவில்லை. வாய் புளித்ததோ மாங்காய் புளித்ததோ என்று ஒரு மத்தியானம் புனேயின் ஏரவாடாவில் மைக்கைப் பிடித்துச் சொன்னேன். கைதட்டினார்கள்.

நான் யார், எனக்கு அங்கே என்ன வேலை என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். தொண்ணூறுகளின் தொடக்கத்தில் என் கணவருக்கு ராணுவக் கணக்கு அலுவலகத்தில் மாற்றல் வந்து, திருநெல்வேலியிலிருந்து புனேவுக்குக் குடிபெயர்ந்தோம். இங்கே ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சராகச் சேர்ந்து ஏழெட்டு வருஷம் குப்பை கொட்டினேன். ஒருநாள் தலைமையாசிரியையோடு வாய்த்தகராறு முற்றி வெளியே வந்துவிட்டேன். எனக்கு ஓரிடத்தில் உட்கார வராது. பஸ் வரும்வரை நிற்கப் பொறுக்காமல் அடுத்த ஸ்டாப்புக்கு நடக்க ஆரம்பித்து, இரண்டு ஸ்டாப்புக்கும் நடுவில் பஸ்ஸைக் கோட்டை விடுகிற ஆள். வேலையில்லாமல் வீட்டில் இருந்த ஆறு மாதத்தில் பீரோவை ஐந்து முறை இடம் மாற்றினேன் என்று என் கணவர் இன்னும் சொல்லிக்காட்டுவார்.

அப்போதுதான் இந்த வேலை வந்தது. போலீஸோ ஜெயிலோ சர்க்கார் ஆஸ்பத்திரியோ மனிதரை மனிதராக நடத்தாவிட்டால் புகார் கேட்பதற்கென்று மாநிலத்துக்கு ஒரு மனித உரிமை அலுவலகம் ஏற்பட்டிருந்தது. அப்படி ஒன்று இருப்பது ஜனங்களுக்குத் தெரிய வேண்டுமே. அதற்காக முகாம்கள் நடத்தும் பொறுப்பு புனே வட்டாரத்தில் எங்கள் சிறிய குழுவுக்கு வந்தது. ஓய்வுபெற்ற மராட்டி அதிகாரி ஒருவர் தலைவர். அவருக்குக் கீழே நாலைந்து பேர். ஏரவாடா பஸ்திகளில், அதாவது குடிசைப் பகுதிகளில், தமிழ் பேசும் குடும்பங்கள் உண்டு. அவர்களிடம் தமிழிலேயே பேச ஒரு ஆள் வேண்டும் என்றார்கள். என் கால் ஏற்கெனவே வாசலில்தான் இருந்தது.

மாதத்தில் பாதி நாள் அலைச்சல். பள்ளிக்கூட வராந்தா, கோயில் மண்டபம், போசரியில் ஷிஃப்ட் விடுகிற நேரத்தில் கம்பெனி வாசல் மரத்தடி என்று எங்கே ஜமுக்காளம் விரிக்க இடம் கிடைத்தாலும் துணிப் பேனரைக் கட்டிவிடுவோம். பிள்ளைகளுக்கு ஓவியப் போட்டி வைத்தால் அத்தனை பேரும் புறாவையே வரைந்து தள்ளினார்கள். “உங்களுக்கு நடக்கற அநியாயத்தை வரைங்க” என்று நான் எரிச்சலில் சொல்லப்போக, ஒரு சிறுமி பக்கத்தில் நின்ற வாத்தியாரையே பிரம்போடும் மீசையோடும் வரைந்துவிட்டாள். அந்தப் பள்ளிக்கூடத்தில் அதன் பிறகு எங்களை உள்ளே விடவில்லை. இன்னொரு நாள் போலீஸ்காரர்களுக்கு வகுப்பு. கடைசி வரிசையில் கொட்டாவி விட்டுக்கொண்டிருந்த ஹவில்தார் எழுந்து, “கணபதி கரைக்கற விசர்ஜனுக்கு ராத்திரி பகலா நிக்கறோமே, எங்களுக்கு மனித உரிமை கிடையாதா மேடம்?” என்று ஹிந்தியில் கேட்டார். நியாயமான கேள்வி.

மனு கொடுப்பது எப்படி என்பதுதான் வகுப்பின் உயிர். எந்த மொழியிலும் எழுதலாம், வக்கீல் வேண்டாம், கட்டணம் இல்லை, தபாலில் போட்டால் போதும். இதையெல்லாம் கேட்கும்போது முகங்கள் மலரும். ஒரே ஒரு கட்டுப்பாடு உண்டு. சம்பவம் நடந்த நாளிலிருந்து ஓராண்டுக்குள் மனு போக வேண்டும். தாண்டினால் அந்த அலுவலகம் விசாரிக்க முடியாது, சட்டமே அப்படி.

இந்த ஓராண்டைப் புரியவைக்க நான் பட்ட பாடு இருக்கிறதே. “ஒரு வருஷத்துக்குள்ள எழுதணும்” என்றால், இந்த வருஷம் முடிகிறதுக்குள் என்று பாதிப் பேர் எடுத்துக்கொண்டார்கள். தீபாவளி போனால் வருஷம் போச்சு என்று மீதிப் பேர். நாலு வீட்டில் பாத்திரம் தேய்த்துவிட்டு வரும் பெண்கள் எதையும் தேதி சொல்லி நினைவு வைப்பதில்லை. மழைக்கு முன்னால், தீபாவளிக்குப் பின்னால், சின்னவன் பிறந்த கணபதிக்கு என்றுதான் அவர்கள் பேச்சு. இங்கே கணபதி என்றால் பிள்ளையார் சதுர்த்தி தொடங்கிக் கரைக்கிறவரைக்குமான பத்து நாள். எனக்குப் பொறுமை தீர்ந்துபோன ஒரு மத்தியானம்தான் அதைச் சொன்னேன்.

“இந்தக் கணபதிக்கு ஒண்ணு நடந்தா அடுத்த கணபதி வரைக்கும் உங்களுக்கு டைம் இருக்கு. கணபதிக்குக் கணபதி ஒரு வருஷம். அவ்வளவுதான் சட்டம்.”

எல்லாருக்கும் சட்டென்று விளங்கிவிட்டது. எங்கள் தலைவருக்குத் தமிழ் தெரியாது. எதற்குக் கைதட்டுகிறார்கள் என்று கேட்டார். சொன்னேன். அவருக்கும் பிடித்துப்போய், மராட்டி முகாம்களிலும் அதையே சொல்லச் சொன்னார். இரண்டு மாதத்தில் போஸ்டரே வந்துவிட்டது. இந்த ஓரத்தில் ஒரு கணபதி, அந்த ஓரத்தில் ஒரு கணபதி, நடுவில் ஒரு தபால் உறை. எனக்குத் தலைகால் புரியவில்லை. வீட்டுக்கு ஒன்று கொண்டுவந்து குளிர்சாதனப் பெட்டியின் கதவில் ஒட்டி வைத்தேன்.

இரண்டாயிரத்து மூன்றாம் வருஷக் கணபதி முடிந்து, ஒரு மாதம் கழித்து நடந்த முகாமில்தான் அந்தப் பெண் என்னிடம் வந்தாள். சேலம் பக்கத்துக் குடும்பம், ஆனால் பிறந்ததே ஏரவாடா. முப்பது வயதுக்குள் இருக்கும். கூட்டம் கலைந்து ஜமுக்காளத்தைச் சுருட்டுகிறவரை ஒதுங்கி நின்றிருந்தாள்.

“மேடம், எங்க வீட்டுக்காரரு விஷயம்” என்று ஆரம்பித்தாள்.

அவள் கணவன் போசரியில் ஒரு சின்ன ஒர்க்‌ஷாப்பில் பிரஸ் மெஷின் ஓட்டியவன். அங்கே செம்புத் தகடு காணாமல் போனது. அந்த வருஷக் கணபதியைக் கரைத்த மறுநாள் காலையில் இரண்டு போலீஸ்காரர்கள் வந்து அவனைப் போலீஸ் சௌக்கிக்கு அழைத்துப் போனார்கள். எந்தச் சௌக்கி என்று நான் எழுதப் போவதில்லை. இரண்டு நாள் வைத்திருந்தார்கள். கோர்ட்டுக்குக் கொண்டுபோகவில்லை, வழக்கு எழுதவில்லை. மூன்றாம் நாள் ‘போ’ என்று அனுப்பிவிட்டார்கள். வெளியே வந்தபோது வலது கையில் இரண்டு விரல் மடங்கவில்லை. நேரே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போய்க் கட்டுப் போட்டிருக்கிறாள். தகடு பிறகு வேறு யாரிடமோ அகப்பட்டதாகப் பேச்சு. ஆனால் சேட், அதாவது முதலாளி, ஒரே பிடியாக நின்றான்: “உன் மேல தப்பு இல்லைன்னு யார்கிட்டயாவது எழுத்துல வாங்கிட்டு வா, மெஷினைத் தர்றேன்.” தெருவில் குழாயடியில் ‘சோர்’, திருடன், என்று பெயர் ஆகிவிட்டது.

“ஒரு காகிதம் மேடம். இவன் திருடன் இல்லைன்னு ஒரு காகிதம். அது வந்தா போதும்.”

“உடனே எழுதுவோம்” என்று பேனாவை எடுத்தேன். அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

“சௌக்கி எங்க தெருமுனையிலேயே இருக்கு மேடம். எழுதிக் குடுத்துட்டு நாங்க அங்கேயே எப்படிக் குடியிருக்கறது? மறுபடி தூக்கிட்டுப் போனா? கசார்வாடியில எங்க நாத்தனார் இருக்குது. மழைக்கு முன்னாடி அந்தப் பக்கம் ரூம் பாத்துப் போயிடுவோம். போயிட்டு எழுதறேன். அதுவரைக்கும் டைம் இருக்கா?”

அவள் பயம் நியாயமாகத்தான் பட்டது. எதிலும் அவசரப்படுகிற நான், வாழ்க்கையில் முதல் தடவையாக ஒருத்தியிடம் நிதானத்தைப் போதித்தேன். “பதறாத காரியம் சிதறாது. அடுத்த கணபதி வரைக்கும் டைம் இருக்கு. அதுக்குள்ள ஆஸ்பத்திரிச் சீட்டு, கூட வேலை செஞ்சவங்க ரெண்டு பேர் எழுதிக் கொடுக்கற சாட்சி, எல்லாம் சேர்த்து வைங்க” என்றேன். அவள் சுவரில் ஒட்டியிருந்த எங்கள் போஸ்டரை ஒருமுறை திரும்பிப் பார்த்துக்கொண்டு போனாள்.

மறு வருஷம் அவர்கள் கசார்வாடிக்குப் போய்விட்டதாக வழியில் பார்த்த ஒருத்தி சொன்னாள். நான் வேறு முகாம்களில் அலைந்துகொண்டிருந்தேன். கணபதி வருவதற்கு முந்தின நாள், நண்பகலில், எங்கள் அலுவலக அறைக்கு அவளே வந்தாள். தெருவில் தோல்-தாஷா மேளக் கோஷ்டி கடைசி ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தது. ஒருவர் பேசுவது ஒருவருக்குக் கேட்கவில்லை. ஜன்னலை எல்லாம் சாத்தினேன்.

பிளாஸ்டிக் கவரிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்து மேஜையில் வைத்தாள். ஆஸ்பத்திரிச் சீட்டு. எக்ஸ்-ரே. கூட வேலை செய்த இரண்டு பேர் மராட்டியில் எழுதிக் கையெழுத்துப் போட்ட காகிதம். அதில் ஒருவன் சேட்டுக்குப் பயந்து எழுத மாட்டேன் என்றானாம். நாலு ஞாயிற்றுக்கிழமை அவன் வீட்டுக்குப் போய் உட்கார்ந்து வாங்கியிருக்கிறாள். இத்தனை சுத்தமாகத் தாள்களைச் சேர்த்துக்கொண்டு எங்களிடம் வந்தவர்கள் கிடையாது.

“அடுத்த கணபதிக்குள்ளன்னு சொன்னீங்க. எனக்குக் கரைக்கிற மறுநாள் வரைக்கும் கணக்கு வருது. ஆனாலும் கடைசி வரைக்கும் இழுக்க வேண்டாம்னு முன்னாடியே வந்துட்டேன்” என்று சிரித்தாள்.

எனக்கு அவளைக் கட்டிக்கொள்ளலாம் போல இருந்தது. படிவத்தை எடுத்து எழுத ஆரம்பித்தேன். சம்பவம் நடந்த தேதிக்கு ஆஸ்பத்திரிச் சீட்டைப் பார்த்து, அதற்கு இரண்டு நாள் முந்தின தேதியை எழுதினேன். அதற்குக் கீழே மனு தேதி. அன்றைய தேதியை எழுதினேன். இரண்டும் ஒன்றன் கீழ் ஒன்றாக நின்றன. கணக்கு டீச்சரின் கண், தானாகக் கழித்துப் பார்த்தது.

ஓராண்டு முடிந்து ஏழு நாள் ஆகியிருந்தது.

சௌக்கியிலிருந்து விட்ட நாளை வைத்து எண்ணினேன். அப்படியும் ஐந்து நாள் தாண்டியது. விரல் விட்டு எண்ணினேன், சுவர்க் காலண்டரைப் புரட்டி எண்ணினேன். அந்த வருஷம், பஞ்சாங்கத்தில் சில வருஷத்துக்கு ஒருமுறை கூடுதலாக வரும் அதிக மாசம் வந்திருந்தது. கணபதி பதினெட்டு நாள் தள்ளிப்போயிருந்தது. பிள்ளையார் சதுர்த்தி வருஷா வருஷம் தேதி மாறும் என்பது தெரியாத மூதேவியா நான்? கொழுக்கட்டைக்கு அரிசி ஊறப்போடக் காலண்டர் பார்க்கிறவள்தானே. எதிர்வீட்டு மராட்டிக் குடும்பம் அதிக மாசத்துக்கென்று மருமகனை அழைத்து விருந்து வைத்து, எங்கள் வீட்டுக்கும் ஒரு தட்டில் அனார்சே கொடுத்தனுப்பியது. அந்தப் பலகாரத்தை ஒன்றுக்கு நாலாகத் தின்றுவிட்டு மறுநாள் முகாமில் போய் ‘கணபதிக்குக் கணபதி’ என்று பேசியிருக்கிறேன்.

அப்போதே அவளிடம் சொல்லியிருக்க வேண்டும். இரண்டு தாளுக்கு நகல் எடுக்க வேண்டும், நாளைக்கு நானே வீட்டுக்கு வருகிறேன் என்று ஏதோ சொல்லி, விலாசம் வாங்கிக்கொண்டு அனுப்பிவிட்டேன். படியிறங்கும்போது திரும்பி, “மனு போயிடும்ல மேடம்?” என்றாள். தலையை ஆட்டினேன். கோழைத்தனம்தான், வேறென்ன.

தலைவரிடம் போய்ச் சொன்னேன். அவர் கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தார். நல்ல மனிதர்தான், குரலை உயர்த்தவில்லை. ஹிந்தியில் நிதானமாகச் சொன்னார்.

“மனுவை அனுப்புங்க. தாமதத்துக்குக் காரணம் பயம், வீடு மாத்தினது, அப்படின்னு எழுதுங்க. போஸ்டரைப் பத்தி ஒரு வார்த்தை எழுதாதீங்க. அது நம்ம எல்லார் பேர்லயும் அச்சானது.”

அவர் எழுதச் சொன்னதில் பொய் எதுவும் இல்லை. பயமும் உண்மை, வீடு மாற்றியதும் உண்மை. அதுதான் என்னைக் குடைந்தது. நான் ஒரு எழுத்துக்கூடப் பொய் எழுதாமல் தப்பித்துக்கொள்ளலாம். மனு திரும்பி வரும். அவள் தன் பயத்தையே நொந்துகொள்வாள். என்னை ஒரு வார்த்தை கேட்க மாட்டாள்.

சாயங்காலம் வீட்டில் அடுப்படிக்கும் பால்கனிக்குமாக நடந்துகொண்டிருந்தேன். ஊறிய அரிசி ஊறியபடி கிடந்தது. என் கணவர் பேப்பரை மடித்துவிட்டு, “என்ன, வீட்டுக்குள்ளேயே ரோந்து போயிட்டு இருக்கே? ஒரு நிமிஷம் உக்காரேன்” என்றார். எல்லாவற்றையும் கொட்டினேன்.

“சட்டத்தை நீயா எழுதுனே? விடு” என்றார்.

“சட்டத்தை நான் எழுதல. கணபதிய நான்தானே எழுதுனேன்.”

அவர் எழுந்துபோய்க் குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டியிருந்த போஸ்டரை ஓரம் கிழியாமல் உரித்து மடித்து வைத்தார். “அப்போ போய்ச் சொல்லிட்டு வா. சொல்லாம நாளைக்கு உனக்குக் கொழுக்கட்டை தொண்டையில இறங்காது” என்றார்.

மறுநாள் சதுர்த்தி. காலையிலேயே கிளம்பிவிட்டேன். பழைய மும்பை ரோட்டில் பஸ் நகரவில்லை. டெம்போவிலும், ஸ்கூட்டரின் முன்னால் மடியிலும், தலையில் சுமந்த பலகையிலுமாகக் கணபதிகள் வந்துகொண்டிருந்தன. “மோரியா, மோரியா” என்று ஊரே சந்தோஷமாகக் கத்தியது. எனக்கு ஒவ்வொரு கணபதியைப் பார்க்கும்போதும் எரிச்சலாக வந்தது. சாமியைப் போய்க் கோபித்து என்ன செய்ய. பாதி வழியில் இறங்கி நடந்தேன்.

வரிசையாக இருந்த வெல்டிங் பட்டறைகளுக்குப் பின்னால் ஒற்றை அறை. அவள் கணவனை அன்றுதான் முதலில் பார்த்தேன். ஒல்லியான ஆள், அதிகம் பேசாதவன். டெம்போவில் மூட்டை ஏற்றி இறக்குகிற வேலைக்குப் போகிறானாம். இடது கையால் டீ டம்ளரை நீட்டினான். நான் வாங்கவில்லை. உட்கார்ந்தால் சொல்ல மாட்டேன் என்று எனக்குத் தெரியும், அதனால் நின்றபடியே சொன்னேன்.

“நான் சொன்ன கணக்கு தப்பு. ஒரு வருஷம் போன வாரமே முடிஞ்சுபோச்சு.”

அவளுக்கு விளங்கவில்லை. “கணபதி இன்னிக்குத்தானே மேடம் வருது?”

“கணபதி இந்த வருஷம் லேட்டா வந்திருக்கு. சட்டம் கணபதியைப் பாக்கறதில்லை. தேதியைத்தான் பாக்கும். அதை நான் உங்களுக்குச் சொல்லியிருக்கணும். சொல்லல. தப்பு என்னுது.”

அவள் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தாள். கணவன்தான் முதலில் பேசினான். “ஏழு நாள்தானே மேடம். தேதியை மாத்திப் போட்டுடலாமே.”

எனக்குள்ளும் அந்த எண்ணம் ராத்திரி முழுக்க ஓடியிருந்தது. ஆஸ்பத்திரிச் சீட்டை விட்டுவிட்டு, சம்பவத்தைப் பத்து நாள் தள்ளி எழுதினால் யார் பார்க்கப் போகிறார்கள். நான் பதில் சொல்வதற்குள் அவள் சொன்னாள்.

“வேணாம். நாம ஒரு பொய் எழுதினா, அவங்க உன் மேல சொன்னது எல்லாம் நிஜம்னு ஆயிடும்.”

அவன் தலையைக் குனிந்துகொண்டான். அவள் என்னைப் பார்த்து, “நீங்க சொல்லித்தான் நாங்க காத்திருந்தோம்னு மனுவுல எழுதுவீங்களா?” என்று கேட்டாள்.

“எழுதறேன்.”

“உங்க பேர் போட்டு? கையெழுத்து போட்டு?”

“போட்டு.”

அங்கேயே தரையில் உட்கார்ந்து எழுதினேன். மனுதாரர் குறிப்பிட்ட காலத்துக்குள் மனு கொடுக்க முன்வந்தார். அடுத்த கணபதி வரை அவகாசம் இருப்பதாக முகாம் பணியாளராகிய நான் தவறாகச் சொன்னதால் காத்திருந்தார். அதே தவறை அச்சிட்ட போஸ்டரின் பிரதி இணைக்கப்பட்டுள்ளது. எழுதியதை அவளுக்குப் படித்துக் காட்டினேன். திங்கட்கிழமை பதிவுத் தபாலில் அனுப்பிவிட்டுத்தான் தலைவரிடம் சொன்னேன். அவர் முகம் சிவந்துவிட்டது. “உங்களுக்கு எப்பவும் அவசரம்தான் மேடம்” என்றார். பதில் வரும்வரை நான் முகாம்களுக்குப் போக வேண்டாம், அலுவலகத்தில் இருந்தால் போதும் என்று உத்தரவானது. ஆனால் போஸ்டர்களை எல்லாம் எடுத்துவிட வேண்டும் என்ற என் நச்சரிப்பை மட்டும் ஒப்புக்கொண்டார்.

அதற்குப் பிறகு வந்த வாரங்களில் நான் ஓடிய ஓட்டம் எனக்கே மலைப்பாக இருக்கிறது. ஒட்டும்போது ஊர் முழுக்க ஒட்டிவிட்டோம், எங்கெங்கே என்று யாரும் எழுதி வைக்கவில்லை. ரேஷன் கடை, மாவு மில், டீக்கடை, பால்வாடி என்று நினைவு வந்த இடத்துக்கெல்லாம் போய்க் கிழித்தேன். ஏரவாடாவில் ஒரு வீட்டில் அதைக் கண்ணாடி போட்டுப் பூஜை அலமாரியில் வைத்திருந்தார்கள். கணபதி படமாயிற்றே, கொடுக்க மாட்டோம் என்றார்கள். அந்த வீட்டுக்காரம்மாவோடு அரை மணி நேரம் சண்டை போட்டு, கடைசியில் கடைக்கு ஓடி வேறு கணபதி படம் வாங்கிக் கொடுத்து இதை மீட்டுக்கொண்டு வந்தேன். ஒவ்வொரு இடத்திலும் ஒரே கேள்வியைக் கேட்டேன்: யாராவது இதைப் பார்த்துவிட்டு மனு கொடுக்காமல் காத்திருக்கிறீர்களா? இல்லை என்று சொன்னவர்களையும் நான் நம்பவில்லை.

கார்த்திகை வாக்கில் பதில் வந்தது. ஒரே பக்கம், மரியாதையான மொழி. சம்பவம் நடந்து ஓராண்டு கடந்துவிட்டதால் சட்டப்படி இந்த மனுவை விசாரணைக்கு எடுக்க இயலாது. மனுதாரர் விரும்பினால் நீதிமன்றத்தை நாடலாம். அவ்வளவுதான். என் வாக்குமூலத்தைப் பற்றி ஒரு வரியும் இல்லை. அவர்களைச் சொல்லிக் குற்றமில்லை. அந்த ஓராண்டைத் தாண்ட அவர்களுக்கே அதிகாரம் கிடையாது. அதை ஊரெல்லாம் போய்ச் சொல்லத்தானே எங்களை வைத்திருந்தார்கள்.

முன்கூட்டியே சொல்லியனுப்பிவிட்டு, கடிதத்தை எடுத்துக்கொண்டு கசார்வாடிக்குப் போனேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். அவன் வாசலில் கவிழ்த்துப்போட்ட டப்பாவின் மேல் உட்கார்ந்திருந்தான். அவள் கடிதத்தை வாங்கி, படிக்கத் தெரியாவிட்டாலும் மேலிருந்து கீழ்வரை பார்த்தாள்.

“இல்லைன்னு எழுதியிருக்காங்களா?”

“ஆமா. கோர்ட்டுக்குப் போகலாம்னு இருக்கு. எனக்குத் தெரிஞ்ச வக்கீல் ஒருத்தர்கிட்ட…”

“வேணாம் மேடம். கோர்ட்டுக்கு நடக்க இவரு வேலைய விட முடியாது. சேட்டும் போன மாசம் வேற ஆளை மெஷின்ல போட்டுட்டாரு.” கடிதத்தை நாலாக மடித்தாள். குரலில் கோபம் இல்லை. இருந்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். “ஒண்ணு சொல்லட்டுமா மேடம்? தப்பா நினைக்காதீங்க. நீங்க எங்க பஸ்திக்கு வராமலே இருந்திருந்தா, நான் அந்த வாரமே எவன் கால்லயாவது விழுந்து ஏதாவது எழுத வெச்சுக் குடுத்திருப்பேன். டைம் இருக்குன்னு நீங்க சொன்னதாலதான் தைரியமா உக்காந்துட்டேன்.”

செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பப் பார்த்தேன். அப்போதுதான் கவனித்தேன், பக்கத்து அறைகளிலிருந்து ஏழெட்டுப் பெண்கள் வந்து பட்டறைச் சுவரின் நிழலில் உட்கார ஆரம்பித்திருந்தார்கள். கையில் கீரை ஆய்ந்தபடி ஒருத்தி, பிள்ளைக்குத் தலை வாரியபடி ஒருத்தி.

“நான்தான் வரச் சொன்னேன்” என்றாள் அவள். “நீங்க வருவீங்கன்னு தெரியும். வந்தது வந்துட்டீங்க. ஒரு வருஷம்னா என்னன்னு இவங்களுக்குச் சரியா சொல்லிட்டுப் போங்க.”

“எனக்கு இப்போ முகாம் நடத்த அனுமதி இல்லம்மா.”

“இது முகாம் இல்ல. எங்க வாசல்.”

பேனர் இல்லை, மைக் இல்லை. உள்ளே போய் அவளே சுவரிலிருந்த காலண்டரைக் கழற்றிக்கொண்டு வந்து என் கையில் கொடுத்தாள். நான் தமிழிலும் ஹிந்தியிலுமாக மாற்றி மாற்றிச் சொன்னேன். எந்த மொழியிலும் எழுதலாம். வக்கீல் வேண்டாம். ஏதாவது நடந்தால் அன்றைக்கே காலண்டரில் அந்தத் தேதியைச் சுற்றிக் கோடு போடுங்கள். அடுத்த வருஷக் காலண்டரில் அதே தேதி. அதுதான் கடைசி. பண்டிகையை வைத்து எண்ணாதீர்கள், மழையை வைத்து எண்ணாதீர்கள். முடிந்தால் அந்த வாரமே எழுதுங்கள். யார் சொன்னாலும் காத்திருக்காதீர்கள், நான் சொன்னாலும்.

கீரை ஆய்ந்துகொண்டிருந்தவள் தலை நிமிர்ந்தாள். “கரெக்டான காரணம் இருந்தா? ஒரு வாரம் லேட்டானாகூட எடுத்துக்க மாட்டாங்களா மேடம்?”

“மாட்டாங்க” என்றேன். “ஒரு நாள் லேட்டானாலும் எடுத்துக்க மாட்டாங்க.”

வாசலில் உட்கார்ந்திருந்தவன் எழுந்தான். யாரையும் பார்க்கவில்லை. காலால் செருப்பைத் தேடி மாட்டிக்கொண்டு, மடங்காத விரல்களைச் சட்டைப் பைக்குள் விட்டுக்கொண்டு, மெயின் ரோட்டுப் பக்கம் நடந்தான். அவள் அவன் திரும்புகிற மூலைவரை பார்த்துக்கொண்டிருந்தாள்.

நான் நிறுத்திவிட்டேன். அவள் என் பக்கம் திரும்பினாள்.

“நீங்க சொல்லுங்க மேடம். ரெண்டு பேர் இப்போதான் வந்தாங்க, முதல்ல இருந்து சொல்லுங்க.”

நான் காலண்டரைப் பிரித்துப் பிடித்துக்கொண்டு மறுபடியும் ஆரம்பித்தேன்.